பஸ்ஸில் கடைசி சீட் வரை பார்ப்பது யார் வேலை?

கோரையாற்றங்கரை (கேள்வி):

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் உதவியாளராக இருக்கிறேன். பிள்ளைகள் ஆயாம்மா என்று கூப்பிடும், எனக்கு வயது 38தான். மூன்று வருஷமாக இதே வண்டி, இதே ரூட். காலை 6.50-க்கு வண்டி நிறுத்தும் செட்டை விட்டுக் கிளம்பினால் நாலு கிராமம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 8.30-க்குப் பள்ளிக்கூடம். ரயில்வே கேட் போட்டுவிட்டால் அந்தக் கணக்கும் கிடையாது.

இந்த ஜூனிலிருந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். காலையில் 28 கட்டம், சாயந்திரம் 9 கட்டம். டயர், பிரேக், லைட், ஹாரன் என்று வரிசையாக இருக்கும், டிக் அடிக்க வேண்டும். கீழே டிரைவர் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து. எங்கள் டிரைவர் அண்ணன் தங்கமான மனுஷன். ஒரு பிள்ளையைக்கூட அதட்ட மாட்டார், வாய்க்கால் கரை ரோட்டில் எதிரே டிராக்டர் வந்தால் நின்று வழிவிட்டுத்தான் போவார். ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே சனிக்கிழமை வரைக்கும் டிக் அடித்து முடித்துவிடுவார். "நீ போடும்மா, வண்டி என் கண்ணு மாதிரி" என்பார். நானும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

போன சனிக்கிழமை வண்டி கழுவும்போது பின்பக்கம் மூன்றாவது சீட்டுக்குக் கீழே தரையில் விரித்திருந்த மேட்டைத் தூக்கினேன். தகரம் வடை போல உப்பி இருந்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. கீழே ஈரத் தரை தெரிந்தது. சீட்டின் கால் போல்ட் அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. அப்புறம் எமர்ஜென்சி கதவு. ஓடும்போது லொடலொடவென்று ஆடுகிறது என்று கைப்பிடியை நைலான் கயிற்றால் சீட் கம்பியோடு கட்டி வைத்திருக்கிறார்கள். எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போகிற அன்றைக்கு மட்டும் கயிறு அவிழும்.

இதைவிட இன்னொன்று. பிள்ளைகளை எண்ண நான் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை ஏறினால் சுருக்குப் பையில் ஒரு கொட்டை, இறங்கினால் ஒன்று வெளியே. டிரைவர் அண்ணனுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. போன மாதம் ஒருநாள் காலையில் எல்லோரும் இறங்கிய பிறகும் பையில் ஒரு கொட்டை இருந்தது. "தப்பாப் போட்டிருப்பே" என்று அவர் வண்டியைத் திருப்பிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னால் போய்ப் பார்த்தேன். கடைசி சீட்டுக்கும் பைகளுக்கும் நடுவே தரையில் யு.கே.ஜி. பையன் ஒருவன் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வண்டி செட்டுக்குப் போனால் கதவைப் பூட்டிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்போம். மறுபடி மூன்று மணிக்குத்தான் வருவோம்.

அந்த நோட்டில் அன்றைக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது, என் கையெழுத்தோடு.

எனக்கு இன்ஜின் தெரியாது. பத்தாவதுதான் படித்திருக்கிறேன். நான் எதைப் பார்க்கலாம், எதற்குக் கையெழுத்துப் போடலாம்? டிரைவர் மனசு நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

பழைய ஸ்டியரிங்:

தங்கச்சி, 29 வருஷம் அரசு பஸ், இப்போது நாலு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ். முதலில் உன் புளியங்கொட்டைக்கு ஒரு கும்பிடு.

நீ தொட்டுப் பார்த்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடு. மற்ற கட்டங்களை வெறுமையாக விடச் சொல். வெறும் கட்டம் இருந்தால் மேனேஜர் கேட்பார். கேட்கட்டும், அதற்குத்தானே நோட்டு.

இன்ஜின் தெரியவில்லை என்று கவலைப்படாதே. காலைச் சோதனையில் பாதி கண்ணும் காதும்தான். வண்டி ராத்திரி நின்ற இடத்தை முதலில் பார். தரையில் புதிதாகச் சொட்டு இருக்கிறதா? கறுப்பு என்றால் ஆயில், வழவழப்பாகப் பச்சையோ சிவப்போ இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர். நீ காரணம் சொல்ல வேண்டாம், "அண்ணே, சொட்டியிருக்கு" என்றால் போதும்.

அப்புறம் சக்கரம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டவன். கும்பகோணத்தில் ஒருநாள் விடியற்காலை வண்டி எடுக்கும்போது பின் சக்கரத்தில் ஒரு நட்டிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு கோடு, கண்ணீர் வழிந்த மாதிரி, வெளிப்பக்கமாக ஓடியிருந்தது. பார்த்தேன். மழையில் துரு இறங்கியிருக்கும் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். கொரடாச்சேரி தாண்டியதும் பின்னால் 'டக் டக்' என்று சத்தம். இறங்கினால் 10 நட்டில் மூன்றைக் காணவில்லை, இரண்டு போல்ட் முறிந்திருந்தது. அந்தக் கோடு துரு இல்லை. நட்டு லூசாகி, உள்ளே உரசி உரசித் தூளாகி வந்த இரும்பு. அன்றைக்கு வண்டியில் 60 பேர். அதிலிருந்து தினமும் ஒரு சின்னக் கம்பியை வைத்து ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பார்ப்பேன். இறுகிய நட்டு கணீரென்று பேசும், லூசான நட்டு தொண்டை கட்டினவன் மாதிரி பேசும். டயரையும் அதே கம்பியால் தட்டு. பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் காற்று இறங்கியிருந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தில் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஜல்லி மாட்டியிருக்கிறதா என்றும் பார்.

பிரேக் டிரைவர் வேலை, ஆனால் நீ பக்கத்தில் நில். பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் முள் 7, 8-க்கு ஏறியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல். வண்டி அமைதியாக இருக்கும்போது எங்கேயாவது 'உஸ்ஸ்' என்று கேட்கிறதா என்று ஒரு சுற்று நடந்து கேள். முள் இறங்கிக்கொண்டே வந்தால் அன்றைக்கு வண்டி நகரக்கூடாது. ஏர் டேங்கின் அடியில் தண்ணீர் திறந்துவிடும் வால்வு இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் அதைத் திறந்தால் பாதி டம்ளர் தண்ணீராவது வரும். அது டேங்கிலேயே கிடந்தால் வால்வெல்லாம் துரு ஏறும்.

நம் பக்கத்துக்கு என்றே சில இருக்கிறது, எந்த நோட்டிலும் அச்சடித்திருக்க மாட்டார்கள். குறுவை அறுப்பில் நெல்லும் வைக்கோலும் ரோட்டில்தான். பங்குனியில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி, வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த மாதங்களில் சாயந்திரம் செட்டுக்கு வந்ததும் குனிந்து பார்க்க வேண்டும். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டில் வைக்கோல் திரித்த கயிறு மாதிரி சுற்றியிருக்கும், சைலன்சர் பக்கம் போனால் தீப்பிடிக்கும். அடைமழையில் ரோட்டுக்கு மேல் தண்ணீர் ஓடினால், கடந்ததும் பிரேக்கை லேசாக நாலு தடவை மிதித்து உலர்த்திவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். சம்பா நாற்று நடும் காலத்தில் சேற்றுக் காலோடு ஏறும் பிள்ளைகளால் படிக்கட்டு வழுக்கும், அது உன் கட்டம்.

தரை ஓட்டைக்கு வருகிறேன். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் சேலையூரில் ஒரு சின்னப் பெண் பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து, பின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்றே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. உன் விரல் போன இடத்தை நாளைக்கே எழுதிக்கொடு. வாயால் சொல்லாதே, காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, ஒரு நகல் வைத்துக்கொள்.

டிரைவர் மனசு பற்றிக் கேட்டாய். "அண்ணே, ஏதாவது ஆச்சுன்னா முதல்ல உங்களைத்தான் பிடிப்பாங்க" என்று சொல். கோபம் வராது. எங்கள் ஜாதிக்கு இந்த ஒரு பயம் எப்போதும் உண்டு. டிரைவர் ஜாதியைச் சொல்கிறேன்.

திருவாரூர் டிரைவர்:

பெரியவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒன்றை யாரும் கேட்பதில்லை. இதற்கெல்லாம் 20 நிமிஷம் ஆகும். என் பள்ளிக்கூடத்தில் வண்டி எடுக்கும் நேரத்திலிருந்துதான் டூட்டி கணக்கு. நட்டு தட்டுவது என் சொந்த நேரம். எட்டு நிமிஷம் லேட்டாகப் போனால் மூன்று பெற்றோர் போன் அடிப்பார்கள், ஓட்டையைச் சொன்னால் ஒருவரும் அடிக்க மாட்டார்கள். சனிக்கிழமை வரைக்கும் டிக் அடிக்கிற டிரைவரைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அக்கா, நீங்கள் எண்ணியது பெரிய காரியம். என் வண்டியில் உதவியாளரே பாதி நாள் வருவதில்லை.

வளைகுடா வண்டி:

நான் வளைகுடாவில் ஆறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவன், ஊர் மயிலாடுதுறை பக்கம். 2022 செப்டம்பரில் கத்தாரில் நாலு வயது மலையாளிக் குழந்தை ஒன்று பஸ்ஸில் தூங்கிவிட்டது. பார்க்காமல் பூட்டிவிட்டார்கள், வெயிலில் குழந்தை போய்விட்டது. அன்றைக்கு அதன் பிறந்தநாள். அந்த வாரம் எங்கள் கேம்ப்பில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ஓட்டிய வண்டியில் கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டன் இருக்கும். சாவியை அணைத்ததும் அலாரம் அடிக்க ஆரம்பிக்கும், பின்னால் நடந்துபோய் அதை அழுத்தினால்தான் நிற்கும். போகும்போது சீட்டுக்கு அடியில் பார்க்காமல் வர முடியாது. ஊருக்கு வந்த பிறகு இங்கே அந்தப் பட்டன் இல்லை. அதனால் என் செருப்பை ஏறும்போதே கடைசி சீட்டுக்குக் கீழே விட்டுவிட்டு, ஷூ போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். வீட்டுக்குப் போக செருப்பு வேண்டும் அல்லவா? நடந்துதான் ஆக வேண்டும்.

எண்ணிக்கையோடு நிற்க வேண்டாம் அக்கா. எண்ணிக்கை தப்பலாம், நடை தப்பாது. ஒவ்வொரு டிரிப்புக்கும் பிறகு நடக்க வேண்டும், சாயந்திரம் மட்டும் இல்லை. உங்கள் பையன் மாட்டியது காலை டிரிப்பில்தானே.

மன்னை பட்டறை:

மெக்கானிக் பேசுகிறேன். கயிறு கட்டின கதவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே! வேதாரண்யம் பக்கம் 2009 டிசம்பரில் பள்ளி வேன் குளத்தில் விழுந்து பிள்ளைகளும், கூடப் போன ஆசிரியையும் இறந்தது ஞாபகம் இருக்கிறதா? நம் ஊரில் ரோட்டுக்கு ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வாய்க்கால். வண்டி இடது பக்கம் சாய்ந்தால் ஏறுகிற கதவு தண்ணீருக்குள். அப்போது உங்களுக்கு இருப்பது அந்த வலது பக்கக் கதவு ஒன்றுதான். அந்த நேரத்தில் நைலான் முடிச்சை யார் அவிழ்ப்பது?

கதவு ஆடுவதற்குக் காரணம் கதவு ஓரத்தில் இருக்கும் ரப்பர் பீடிங் போயிருக்கும், இல்லை பூட்டின் நாக்கு தேய்ந்திருக்கும். அரை நாள் வேலை, பெரிய செலவும் இல்லை. மாட்டின பிறகு வாரம் ஒருமுறை உள்ளே இருந்தும் வெளியே இருந்தும் திறந்து பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அதன் பலத்துக்குத் திறக்கவில்லை என்றால் கைப்பிடிக்கு கிரீஸ் வேண்டும்.

தீயணைப்பு சிலிண்டரில் முள் பச்சையில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த பாதி வண்டியில் அது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாக்குக்கு அடியில் கிடக்கும்.

கோரையாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய ஸ்டியரிங் அண்ணன் சொன்ன மாதிரியே எங்கள் டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மேட்டைத் தூக்கி அவரே விரலை விட்டுப் பார்த்தார். "இது எனக்குத் தெரியாதும்மா" என்றார். சத்தியமாகத் தெரிந்திருக்காது, அவர் உட்காருவது முன்னால்தானே. இரண்டு பேருமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீஸில் கொடுத்தோம். நகலில் முத்திரை போடத் தயங்கினார்கள், டிரைவர் அண்ணன் நகராமல் நின்றார், போட்டார்கள்.

கதவு சரியாகிவிட்டது. நேற்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி திறந்தாள், இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. கிரீஸ் சொல்லியிருக்கிறோம். செருப்பு யோசனையை அண்ணனிடம் சொன்னேன், "நான் வெறுங்காலில் ஓட்டுறவன்" என்று சிரித்தார். அதனால் அவருடைய டிபன் பை இப்போது கடைசி சீட்டுக்குக் கீழே இருக்கிறது. காலை டிரிப் முடிந்ததும் பையை எடுக்க அவர் நடக்கிறார், சாயந்திரம் நான் நடக்கிறேன். இதுவரை இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு பல்லாங்குழிச் சோழியும் கிடைத்திருக்கிறது.

நோட்டில் நான் பார்ப்பது 28-இல் 11 கட்டம். மீதியில் அண்ணன் தனியாகக் கையெழுத்துப் போடுகிறார், அன்றன்றைக்கு. நட்டு தட்ட எங்கள் வீட்டுப் பழைய ஜன்னல் கம்பியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். நேரம் பற்றித் திருவாரூர் தம்பி சொன்னதும் உண்மை. டூட்டியை 6.30-லிருந்து கணக்கு வைக்கச் சொல்லிக் கேட்டோம், பார்க்கலாம் என்றார்கள்.

தரை மட்டும் பாக்கி. மேலே ஒரு பிளைவுட் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். காலாண்டு லீவில் வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார்கள். மன்னை அண்ணன், பலகை போதுமா? அதுவரை ஓட்டலாமா?

மன்னை பட்டறை:

போதாது தங்கச்சி. பலகை போட்டதால் ஓட்டை கண்ணுக்கு மறைந்தது, அவ்வளவுதான். சீட்டின் போல்ட் அந்தத் தகரத்தில்தான் பிடித்திருக்கிறது, துரு அதையும் தின்னும். அந்த சீட்டிலும் அதற்குப் பின் சீட்டிலும் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள், கயிறு இருந்தால் இப்போது அங்கே கட்டுங்கள். லீவு வரை காத்திருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் போதும். சீட்டைக் கழற்றி, துருப்பிடித்த தகரத்தை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைக்க வேண்டும். மேலே ஒட்டுப் போடுகிறேன் என்று சொன்னால் விடாதீர்கள். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், டீசல் டேங்க் எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொல்லுங்கள். அடியில் பெயின்ட் அடித்தார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.