11 படமா, 11 சிறுத்தையா?

பாலையடியான்:
எங்கள் குளத்துக்குப் பின்னாலுள்ள ஒதுக்குக் காட்டில் ஒரு மாதம் தானியங்கிக் கமரா கட்டியிருந்த நண்பர் குளக்கட்டான், சிறுத்தை விழுந்த படங்கள் 11 கிடைத்தன என்றும், ஆகவே அங்கே 11 சிறுத்தைகள் வாழ்கின்றன என்றும் நேற்று எழுதியிருந்தார். அதைப் படித்த பின் என்னால் பேசாமலிருக்க முடியவில்லை. இந்தியாவில் 2018-19 இல் நடந்த கணக்கெடுப்பில் புலி விழுந்த படங்கள் மட்டும் 76,651. அவற்றிலிருந்து பிரித்தறிந்த புலிகளோ, குட்டிகள் நீங்கலாக, 2,461. ஒரே விலங்கு ஒரே பாதையால் பலமுறை போய்வரும் என்பது மாடு மேய்த்தவருக்கும் தெரியும். இதைவிடப் பெரிய குறை, அவர் பாதையின் ஒரு பக்கத்தில் மட்டுமே கமரா கட்டியது. சிறுத்தையின் இட விலாப் புள்ளிகளும் வல விலாப் புள்ளிகளும் ஒன்றல்ல. இடப்பக்கம் தெரியும் படமும் வலப்பக்கம் தெரியும் படமும் ஒரே சிறுத்தையினுடையவையாக இருக்கலாம்.

குளக்கட்டான்:
ஐயா, மின்கலம் மாற்றுவதற்காக வாரந்தோறும் அலைகரையைச் சுற்றி நடந்தவன் நான். யானை பிடுங்கி எறிந்த கமராவை முட்பற்றைக்குள் தேடி எடுத்தவனும் நான்தான். என்னிடம் இருந்தவை 4 கமராக்கள். எதிரெதிரே சோடியாகக் கட்டியிருந்தால் 2 இடங்களை மட்டுமே பார்த்திருக்க முடியும். அந்த விலங்குகளை முகம் பார்த்தே எனக்குப் பிரித்தறிய முடியும். ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கிறது, இன்னொன்று நொண்டி நடக்கிறது.

பாலையடியான்:
உங்கள் உழைப்பை நான் குறை கூறவில்லை. ஆனால், கிழிந்த காதும் நொண்டும் காலும் இரண்டு விலங்குகளுக்கு மட்டுமே அடையாளம்; மற்ற ஒன்பதுக்கு என்ன அடையாளம்? இந்திய விலங்கியலாளர் உல்லாஸ் கரந்த், கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் கமராப் படங்களைக் கொண்டு புலிகளை மதிப்பிட்ட முறையை 1995 இல் வெளியிட்டார். பாதையின் இருபுறமும் கமரா வைத்து இரண்டு விலாக்களையும் ஒன்றாகப் பதிவதும், ஒருமுறை விழுந்த விலங்கு மீண்டும் எத்தனை முறை விழுகிறது என்பதைக் கொண்டு விழாதவற்றையும் மதிப்பிடுவதும் அதன் பின் உலகெங்கும் வழக்கமாகிவிட்டன. ஒரு பக்கக் கமராவை வைத்துக்கொண்டு முழு எண்ணிக்கை சொல்வதற்கு வழியில்லை.

முறிப்புக் கிழவர்:
என் தகப்பனார் கமராவைக் கண்ணாலும் கண்டதில்லை. மழை விட்ட மறுநாள் வண்டிப்பாதையில் அடிகளைப் பார்த்து, எத்தனை புலி போனது, எது பெட்டை என்று சொல்லிவிடுவார். இப்போது இயந்திரம் வந்து எங்களுக்குக் காடு படிப்பிக்கிறது.

பாலையடியான்:
பெரியவரே, உங்கள் தகப்பனாரின் கண்ணை மதிக்கிறேன். ஆனால், அடிகளை நம்பிக் கணக்கெழுதிய சரிஸ்கா என்ற இந்தியப் புலிகள் காப்பகத்தில், ஏட்டில் புலிகள் இருந்துகொண்டிருக்க, காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது 2005 அளவில் வெளியாயிற்று. அடியையும் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் படத்தையும் அளவுக்கு மீறி நம்புவது ஒரே தவறுதான்.

ஆசிரியை:
இலங்கையில் புலி இல்லை, சிறுத்தைதான் உண்டு. பிள்ளைகளும் வாசிக்கும் இடத்தில் சொல்லைச் சரியாக எழுதுவது நல்லது.

முறிப்புக் கிழவர்:
நாங்கள் பரம்பரையாகப் புலி என்றே சொல்லி வருகிறோம், பிள்ளை. பெயரை மாற்றினால் அது ஆடு பிடிக்காமல் விட்டுவிடப் போவதில்லை.

வீரையடி மகள்:
பெயரைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் தாயாரைப் பற்றி யாரும் பேசவில்லை. பாலைப்பழம் பொறுக்கப் போன அவரின் படம் ஒருவரின் கமராவில் விழுந்து, ஊரெல்லாம் கைபேசியில் சுற்றியது. எத்தனையோ ஆண்டுகள் கண்காணிப்புக்குள் வாழ்ந்த சனத்தின் காட்டுப்பாதையில் கமரா கட்டுபவர், முதலில் ஊருக்கு அறிவிக்க வேண்டும். மனிதர் விழுந்த படங்களை அன்றே அழிக்க வேண்டும்.

குளக்கட்டான்:
அந்தக் கமரா என்னுடையதல்ல. மனிதர் விழுந்த எந்தப் படத்தையும் நான் வைத்திருப்பதில்லை. என்னுடைய எண்ணிக்கையும் 11தான்.

பாலையடியான்:
அந்தத் தங்கை சொல்வது முழுவதும் நியாயம். ஆனால், எண்ணிக்கையை விட்டு நாம் விலகக்கூடாது. ஏழாவது படத்தில் இருப்பது சிறுத்தையே அல்ல. குட்டை வால், வரிசையாக ஓடும் சிறு புள்ளிகள், நீர்க்கரை. அது மீன்பிடிப் பூனை. மீதி 10 படங்களில் 6 இடப்பக்கம், 4 வலப்பக்கம். அவற்றைத் தனித்தனியே ஒப்பிட்டு, வேறுபட்ட விலங்குகள் எந்தப் பக்கத்தில் கூடுதலாகத் தெரிகின்றனவோ அந்த எண்ணிக்கையைக் குறைந்தபட்சம் என்று சொல்லலாம். ஆறுக்கு மேல் சொல்ல ஒருபோதும் முடியாது. இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், ஆட்களைத் தாக்கிக் காயப்படுத்திய சிறுத்தையைச் சனம் அடித்தே கொன்றது. 11 சிறுத்தைகள் ஊருக்குப் பின்னால் நிற்கின்றன என்று வாசிப்பவர் சுருக்குக் கம்பியும், விலங்கு இடறினால் வெடிக்கும் கட்டுத்துவக்கும் வைக்கத்தான் யோசிப்பார். சுருக்குக்கு மரை, பன்றி, சிறுத்தை என்ற வேறுபாடு கிடையாது.

குளக்கட்டான்:
குறைத்துச் சொன்னால் இந்தக் காட்டில் ஒன்றுமில்லை என்று வெட்டித் துப்புரவாக்க வருவார்கள். அதை ஏன் எண்ணவில்லை? இன்னொன்று. இந்தக் கமரா, விலங்கின் உடற்சூட்டுக்கும் சூழலின் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே அசைவை உணர்கிறது. ஆவணி வெயிலில் நிலமும் உடலும் ஒரே சூடாக இருக்கும் நண்பகலில் கடந்துபோனவை பதிவாகாமலே போயிருக்கும். ஆகவே 11 என்பது கூடுதலல்ல, குறைவு.

பாலையடியான்:
பதிவாகாததை மதிப்பிடுவதற்கும் ஒவ்வொரு விலங்கையும் முதலில் பிரித்தறிய வேண்டும். நான்காம் படத்தையும் ஒன்பதாம் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடத் தோளுக்குப் பின்னால் முக்கோணமாக நிற்கும் மூன்று புள்ளிகள் இரண்டிலும் உள்ளன. அது ஒரே விலங்கு.

குளக்கட்டான்:
நான்காம் படத்தில் தெரிவது வலத் தோள்.

பாலையடியான்:
இடத் தோள். வால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

முறிப்புக் கிழவர்:
எனக்கு அந்தப் படத்தில் தோளே தெரியவில்லை.