டெக்சாஸ் புள்ளிமானும் கையால கட்டுன தோட்டாவும் – உங்க அனுபவத்தையும் போடுங்க

கீழக்கரை காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். வேகமான ரைபிளுக்கு எந்த புல்லட்டு நல்லதுன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு, பதில் அடிக்க ஆரம்பிச்சேன், நீளமாப் போயிருச்சு, அதான் தனியாப் போடுறேன். முதல்லயே சொல்லிடுறேன், நம்ம நாட்டுல மான் மேல கை வச்சா 1972 வனவிலங்குச் சட்டத்துல உள்ள போகணும், அதனால ஏர்வாடிப் பக்கம் கருவக்காட்டுல மான் நிக்குதான்னு யாரும் இன்பாக்ஸ்ல வந்துராதீங்க. நான் சொல்றது பூரா டெக்சாஸ் கதை.

ஹூஸ்டன்ல வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில 9 வருசம் இருந்தேன். எங்க சூப்பர்வைசரோட மாமனாருக்கு கெர்வில் பக்கம் பெரிய ராஞ்ச் (பண்ணை). முதல் தடவை போனப்ப விடிகாலையில ஓடைப் பக்கம் ஒரு கூட்டம் நிக்குது, பாத்தா சேப்பு உடம்புல வெள்ளப்புள்ளி, அட நம்ம புள்ளிமான்! 1932 வாக்குல கொண்டுவந்து விட்டதாம், வேலியத் தாண்டிப் போயி இப்ப ஆயிரக்கணக்குல பெருகிக் கெடக்கு, அங்க உள்ள வெள்ளவால் மானுக்குத் தீனியில போட்டி. வெளிநாட்டு மானுங்கறதால சீசனே கெடையாது, வருசம் பூரா சுடலாம், வேட்டை லைசென்ஸ் மட்டும் வேணும். விசாவுல இருக்கவன் துப்பாக்கியத் தொடணும்னாலே அந்த லைசென்ஸ் கையில இருக்கணும்ங்கிறது தனிக்கதை.

அந்த மாமனார் பெரியவர் குடுத்தது 270 வின்செஸ்டர் ரைபிள். 1925-லயே வந்தது, 130 கிரெயின் புல்லட்ட (புல்லட்டுன்னா தோட்டாவுல இருந்து பறந்து போற குண்டு, கிரெயின்ங்கிறது அதோட எடை அளவு) வினாடிக்கு 3060 அடி வேகத்துல தள்ளும்னு டப்பாவுல போட்டிருக்கும். 100 கஜத்துல 3 இஞ்சு மேல படுற மாதிரி குறி வச்சுக்கிட்டா 270 கஜம் வரைக்கும் ஏத்த இறக்கக் கணக்கே வேணாம்பாரு. எனக்குத் தலகால் புரியல. கடையில இருந்ததுலயே வெல கம்மியான மெத்து மூக்குத் தோட்டா (குண்டோட நுனியில மெத்துன்னு ஈயம் இருக்கும்) ஒரு பொட்டி வாங்கிட்டுப் போயாச்சு.

என் முதல் மான் 60 கஜத்துலயே நின்னுச்சு. பிஸ்மி சொல்லி விசைய அழுத்துனேன், முன்சப்பையில பட்டுச்சு, ஆனா விழுகல, செடார் புதருக்குள்ள பூந்துருச்சு. தேடிப் போறதுக்குள்ள மவுத்தாப் போச்சு, நான் அறுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. துப்பாக்கியில விழுந்தது ஆகுமா ஆகாதான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, எனக்கு உசுரோட புடிச்சு அறுத்தாத்தான் மனசு ஒப்பும், அவ்வளவுதான். பெரியவர் தோலை உரிச்சுக் காட்டுனாரு, ரெண்டு சப்பையும் கருரத்தம் உறைஞ்சு ஜெல்லி மாதிரி, எலும்புத் துண்டும் ஈயத் துகளும் கலந்து கெடக்கு, ஆனா நெஞ்சுக்குள்ள ஒழுங்கா எறங்கவே இல்ல. புல்லட்டு எலும்புல பட்ட எடத்துலயே சில்லு சில்லாப் போயிருச்சு. பாதிக் கறி நாய்க்கு. அன்னைக்கு ராத்திரி நான் சோறே சரியாத் திங்கல.

அங்கதான் எனக்குப் புரிஞ்சது, வேகம் கூடக் கூட புல்லட்டு கெட்டியா இருக்கணும். வேகத்துக்குன்னு ஒரு ரைபிள வாங்கிட்டு லேசான மெத்துப் புல்லட்டப் போடுறது, பைபாஸ்ல சைக்கிள் டயர மாட்டி கார் ஓட்டுற கணக்கு. அதே புல்லட்டு 250 கஜம் போயி வேகம் கொறஞ்சு பட்டிருந்தா நல்லா வேல செஞ்சிருக்கும், கிட்டக்க பட்டதுதான் பிரச்சன.

மறுநாள் பெரியவர் அவரு கராஜுக்குக் கூட்டிட்டுப் போனாரு. சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்ட அச்சுல குடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டாந்து, நீண்டிருந்தா வாயை வெட்டிச் சமமாக்கி, புது பிரைமர் (அடியில தீப்பொறி குடுக்குற சின்ன மூடி) வச்சு, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, மேல புல்லட்ட அழுத்தி உக்கார வைக்கணும். சொல்லும்போது சட்னி அரைக்கிற மாதிரி இருக்கு, அவரு செய்றதப் பாத்தா ஆபரேசன் தியேட்டர். மேசை மேல ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும், ரெண்டாவது டப்பா கண்ணுலயே படக்கூடாது. போன் வெளிய. புத்தகத்துல போட்டிருக்க ஆரம்ப அளவுல தொடங்கித்தான் கொஞ்சங்கொஞ்சமா மேல போகணும், அடுத்தவன் சொன்ன அளவ வாயால கேட்டுப் போடுறவன் கைய இழப்பாம்பாரு. 50 கூட்டுலயும் மருந்து போட்டதும் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா உள்ள பாப்பாரு. 270-க்குப் போடுற மெதுவா எரியுற மருந்து கூடு நிறைய வரும், தப்பித் தவறி ரெண்டு தடவ போட்டா வழிஞ்சு காட்டிக் குடுத்துரும், பிஸ்டல் தோட்டாவுலதான் ரெண்டு மடங்கு போட்டும் தெரியாமப் போற ஆபத்துன்னாரு.

நான் பண்ணுன கூத்த மறைக்காம சொல்லணும்ல. ஆகஸ்டு மாசம், நானே கட்டுன 20 தோட்டாவ பிக்கப்போட டேஷ்போர்டு மேல வச்சுட்டு சாயா குடிக்கப் போயிட்டேன், கண்ணாடிக்குள்ள வெயில் ரெண்டு மணி நேரம். வந்து சுட்டா ரைபிளோட போல்ட்டு (தோட்டாவ உள்ள பூட்டுற கைப்பிடிக் கம்பி) தூக்கவே வரல, உள்ளங்கையால தட்டித்தான் தெறந்தேன். கூட்டப் பாத்தா பிரைமர் தட்டையாக் கெடக்கு. பெரியவர் மொகம் செவந்துருச்சு. மருந்து சூடேறுனா அழுத்தம் கூடும், அதுலயும் சில மருந்து வெயிலுக்கு ரொம்ப ரோசப்படும், குளிர் காலத்துல சரியா இருந்த அளவு கோடையில எல்லை தாண்டிரும். மிச்சத்த அங்கயே பிரிச்சுக் கொட்ட வச்சாரு. அது போக வேகம் அளக்குற மெசின் வச்சுப் பாத்தப்ப டப்பாவுல போட்ட 3060 வரவே இல்ல, அவங்க 24 இஞ்சுக் குழல்ல அளக்குறது, நம்மது 22.

அடுத்து பார்ட்டிஷன் புல்லட்டுக்கு மாறுனோம், 130 கிரெயின்தான். நடுவுல செம்புல ஒரு குறுக்குச் சுவர், முன்பாதி ஈயம் விரிஞ்சு சிதறுனாலும் பின்பாதி முழுசா உள்ள போகும். இத செஞ்ச ஜான் நாஸ்லர் 1946-ல கனடாவுல சேறு காஞ்சு அப்பிக் கெடந்த மூஸ் ஒண்ண (மாடு கணக்கா இருக்குற மான்) சுட்டு புல்லட்டு உள்ள போகாம அவதிப்பட்டுத்தான் யோசிச்சாராம். என் கதையும் அதே கதைதான், சேறு மட்டும் இல்ல. ரெண்டாவது மான் 180 கஜம், 30 எட்டு வச்சு உக்காந்துச்சு, ஓடிப் போயி அறுத்துட்டேன். தோலுக்கடியில கெடச்ச புல்லட்ட நிறுத்தா 130-ல 86 கிரெயின் மிச்சம். கறி துளி வீணாகல, கொஞ்சத்த உப்புக்கண்டம் போட்டேன், பெரியவர் பொண்டாட்டி ஒரு வாரம் அந்தக் கொடியப் பாத்துப் பாத்து சிரிச்சுச்சு.

உங்க அனுபவத்தச் சொல்லுங்க.

உச்சிப்புளி பட்டாளத்தார்:

பாய், அருமை. நான் பட்டாளத்து ரைபிள் எஸ்எல்ஆர், இன்சாஸ் ரெண்டும் சுட்டவன், மான் சுட்டதில்ல. எங்களுக்குக் குடுக்குறது மூக்கு வரைக்கும் கவசம் போட்ட குண்டு, விரியாது. 1899 ஹேக் மாநாட்டுல விரியுற குண்டு போர்ல கூடாதுன்னு வச்சுட்டாங்க, ஆனா நீங்க போன நாட்டுல பல மாநிலத்துல மானுக்கு விரியுற குண்டத்தான் போடணும்னு சட்டம். மனுசனுக்கு ஒண்ணு மானுக்கு ஒண்ணு. அந்த விரியுற குண்டுக்குப் பேரே நம்ம கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதசாலையில இருந்து வந்ததுதான், அங்க போஸ்டிங் கெடச்சப்ப அந்தப் பேரப் பாத்துட்டு நின்னேன். ஒரு சந்தேகம், உங்க பித்தளைக் கூட்ட எத்தன தடவ திரும்பக் கட்டலாம்? பட்டாளத்துல காலிக் கூட்ட எண்ணித் திருப்பிக் குடுக்கணும், ஒண்ணு கொறஞ்சா மைதானத்துல குப்புறப் படுத்துத் தேடணும்.

கீழக்கரை காக்கா:

அண்ணே, அது எவ்வளவு அழுத்தத்துல சுடுறோம்ங்கிறதப் பொறுத்தது, பெரியவர் அஞ்சாறு தடவைக்கு மேல வச்சுக்க மாட்டாரு. அடிப்பக்கம் பளபளன்னு ஒரு வளையம் தெரிஞ்சா தூக்கிப் போட்டுருவாரு, அங்கதான் பிளக்கும். இன்னொண்ணு, நான் ஒரு தடவ கூட்டையெல்லாம் பிராசோ போட்டு மினுக்கி வச்சேன், பாராட்டுவாருன்னு பாத்தா அம்புட்டையும் குப்பையில போடச் சொன்னாரு. அம்மோனியா இருக்காம், பித்தளைக்கு ஆகாதுன்னாரு. காரணம் கேட்டா தெரியாதுப்பா, ஆகாதுன்னா ஆகாதுங்குறாரு.

பாம்பன் ஐஸ் பிளாண்ட் ஃபிட்டர்:

காரணம் நான் சொல்றேன் காக்கா, 15 வருசமா அம்மோனியா கூடத்தான் குடும்பம் நடத்துறேன். ஐஸ் பிளாண்ட்ல பித்தளை வால்வோ செம்புக் குழாயோ போடவே மாட்டோம், எல்லாம் இரும்புதான். பித்தளைய அச்சுல இழுத்திருந்தா அந்த இழுவை உள்ளயே நிக்கும், அம்மோனியா பட்டா மயிரிழை கணக்கா விரிசல் விடும், வெளிய பாத்தா பளபளன்னுதான் இருக்கும். இது எங்களுக்கு ட்ரெயினிங்ல சொன்ன கதை, வெள்ளக்காரன் காலத்துல இந்தியாவுல மழைக்காலத்துக்குத் தோட்டாவ குதிரை லாயத்துல வச்சிருப்பானாம், குதிரை மூத்திர வாடையில இருந்து வர்ற அம்மோனியாவுல கூடெல்லாம் தன்னால விரிசல் விட்டுருமாம். நம்ம கடக்கரையில உப்புக்காத்து பட்டா களிம்பு புடிக்கும், அது கண்ணுக்குத் தெரியும், தொடச்சிரலாம். இது தெரியாது.

எங்க ஊர்ல தோட்டான்னாலே வேற அர்த்தம்ல, மீன் புடிக்கக் கடல்ல போடுற வெடித் தோட்டா. திரி நீளம் கணக்கு தப்புனவங்க மொழங்கை இல்லாம இன்னும் டீக்கடையில உக்காந்திருக்காங்க. உங்க பெரியவர் ரெண்டாவது டப்பா கூடாதுன்னு சொன்னதப் படிச்சதும் அவங்க மொகம்தான் வந்துச்சு.

ராமநாதபுரம் பத்தர்:

துப்பாக்கி பத்தி ஒண்ணும் தெரியாது, எடை பத்தித் தெரியும். ஒரு கிரெயின்னா 0.0648 கிராம், அப்ப 130 கிரெயின் 8.4 கிராம் சொச்சம். ஒரு பவுன விட கிட்டத்தட்ட அரைக்கிராம் கூட! மான் ஒண்ணுக்கு ஒரு பவுன எறியுறீங்க பாய், அதுவும் மூணுல ஒரு பங்கு சேதாரத்தோட.

கீழக்கரை காக்கா:

பத்தரே, இந்தச் சேதாரத்துக்கு நீங்க போடுற சேதாரம் தேவலாம் 😄

தொண்டிக்காரன் (நியூசிலாந்து):

மச்சான் நான் இங்க சவுத்லேண்ட்ல பால் பண்ணையில இருக்கேன். இங்கயும் மான் வெளியில இருந்து வந்ததுதான், புலி சிறுத்தை எதுவும் இல்ல, தோட்டத்த அழிச்சிரும், அதனால சுட்டாத்தான் நல்லவன். என்கிட்ட 243 ரைபிள். ஒரு தடவ முயலுக்கு வச்சிருந்த 55 கிரெயின் புல்லட்டு மாகசின்ல இருந்தத கவனிக்காம ஒரு செம்மான் பொட்டை மேல போட்டுட்டேன், வேகம் பயங்கர வேகம், ஆனா சப்பை மேல தட்டு அளவுக்குக் காயம், உள்ள ஒண்ணுமே ஆகல. இருட்டுற வரைக்கும் ரத்தத் தடத்துலயே நடந்து ரெண்டாவது குண்டுல முடிச்சேன், இன்னமும் அத நெனச்சா ஒரு மாதிரி இருக்கும். அதுக்கப்பறம் முயல் தோட்டாவுக்கு செவப்பு டப்பா, மானுக்குப் பச்சை டப்பா, கலக்கவே மாட்டேன். இப்ப 80 கிரெயின் முழுச் செம்பு போடுறேன். ஈயம் இல்லாததால அதே எடைக்கு நீளமா இருக்கு, சிதறல் இல்ல, ஆனா தூரத்துல வேகம் கொறஞ்சா விரியாமப் பென்சில் ஓட்டை போட்டுட்டுப் போயிரும், அதனால 200 கஜத்துக்கு மேல நான் சுடுறதில்ல. கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையில இருந்து வேட்டைக்கு ஈயமே கூடாதுல்ல காக்கா?

கீழக்கரை காக்கா:

ஆமா மச்சான், காண்டோர் கழுகு சுட்ட மானோட குடலைத் தின்னு ஈயத்துல சாகுதுன்னு. டெக்சாஸ்ல அந்தச் சட்டம் இல்ல, ஆனா முதல் மான்ல அந்தத் துகளக் கண்ணால பாத்ததுல இருந்து எனக்கும் செம்பு மேலதான் மனசு. பிள்ளைகளும் திங்குற கறி.

உச்சிப்புளி பட்டாளத்தார்:

பாய், ஊருக்கு வரும்போது ஞாபகத்துக்கு ஒண்ணும் கொண்டாரலையா?

கீழக்கரை காக்கா:

அத ஏன்ணே கேக்குறீங்க. புல்லட்டு கில்லட்டு வேணாம்னு தெரியும், காலிக் கூடு ஒண்ண ஓட்டை போட்டு சாவிக்கொத்துல மாட்டியிருந்தேன், அது ஞாபகமே இல்ல. நம்ம பக்கத்து ஏர்போர்ட் ஒண்ணுல ஸ்கேன்ல மாட்டிக்கிட்டேன். இது வெறும் பித்தளை, மருந்தும் இல்ல குண்டும் இல்லன்னு மூணு ஆபீசருக்கு மூணு தடவ சொல்லி, எழுதிக் குடுத்து, கூட்ட அவங்ககிட்டயே விட்டுட்டு வெளிய வரும்போது ராத்திரி ஒரு மணி. வெளிய உம்மா நிக்கிறாக. என்ன வாப்பா புடிச்சு வச்சாங்கன்னு கேட்டாக. பித்தளைக்கு வரி கட்டச் சொன்னாங்கம்மான்னுட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஊர்ல யார் அமெரிக்கா போனாலும் பித்தளச் சாமான் கொண்டாராதீகன்னு சொல்லித்தான் அனுப்புறாக.