சாம்பல் கலந்த சிமென்ட்: கம்பி துருப்பிடிக்குமா?

கடலோரக்காரன், தூத்துக்குடி:
கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு கட்டுகிறேன். அடுத்த வாரம் தளம் போடுகிறோம். சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் மூட்டையைப் பார்த்ததுமே கொத்தனார், "இதுல கரண்ட் ஆபீஸ் சாம்பல்தான் சார், கம்பியை அரிச்சிடும், சாம்பல் கலக்காத ஓபிசி வாங்குங்க" என்கிறார். அப்பா கட்டிய வீட்டில் சாம்பலே கிடையாது. ஆனால் அங்கேதான் சன்ஷேடு பெயர்ந்து துருக்கம்பி பல்லிளிக்கிறது. யாரை நம்புவது?

சைட்டுக்காரன்:
கடலோரத்தில் கம்பிக்கு எதிரி உப்பு. சிமென்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு பிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) வினைபுரிந்து நுண்துளைகளை அடைக்கிறது; உப்பு இறங்க நாளாகும். ஆனால் சுண்ணாம்பு குறைவதால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சற்று வேகமாக உள்ளே போகும், அதுவும் துருவுக்கு வழி; கொத்தனார் பயத்தில் அந்த அளவு உண்மை உண்டு. க்யூரிங்கில் (ஈரமாக வைத்து இறுக விடுவதில்) ஏமாற்றாதீர்கள். நான் 14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவேன். கடற்காற்று நேரடியாகப் படும் இடத்துக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 சொல்லும் கவர் (கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட் கனம்) 45 மிமீ.

மணல்மேடு:
ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்த பிஎஸ்சி சிமென்ட் கிடைத்தால் அதுவும் கடலோரத்துக்கு நல்லது. ஆனால் ஓபிசி வாங்கி, டிப்பரில் குளத்துச் சாம்பல் (அனல்மின் நிலையம் குளத்தில் கொட்டி வைப்பது) இறக்கி சைட்டில் கலக்கவே கூடாது. அது வேறு சரக்கு.

கடலோரக்காரன்:
இப்போதுதான் டேப் வைத்துப் பார்த்தேன். கம்பிக்கு அடியில் ஜல்லித்துண்டு, 15 மிமீ கூட இல்லை! சரி, முதலில் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் வாங்கக் கிளம்புகிறேன்.