நாணயத்தில் வெள்ளியைக் குறைத்தலுக்குத் தமிழ்ச் சொல்: 'மாற்றுக்குறைப்பு'

அன்புடையீர், வணக்கம்.

1919, 1942, 1947 ஆண்டுகளின் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களும் ஒரே எடையில் இருக்க, மூன்றும் வெள்ளிதானா, என்ன பெறும் என்று கேட்ட நண்பர், 'டிபேஸ்மெண்ட்' (நாணயத்தில் வெள்ளி போன்ற உயர்ந்த உலோகத்தின் பங்கைக் குறைத்தல்) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தார். நாணயங்களுக்கு விடை கண்டால் சொல்லுக்கும் வழி பிறக்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலேயர் கால ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் 165 கிரெயின் தூய வெள்ளி, நூற்றுக்கு 91.7 பங்கு. 1919 நாணயம் இவ்வகை. போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வரவே, 1940 முதல் எடையை மாற்றாமல் வெள்ளியை நூற்றுக்கு 50 பங்காக்கி, 40 பங்கு செம்பும் நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து பங்குமாகச் சேர்த்தார்கள். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை. அது தூய நிக்கல் என்பதால் காந்தத்தில் ஒட்டும். முதலிரண்டையும் தராசில் மட்டும் நிறுத்துப் பிரிக்க முடியாது. நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தால், 1919 நாணயம் சுமார் 1.13 கிராமும் 1942 நாணயம் சுமார் 1.22 கிராமும் குறைந்து காட்டும். வேறுபாடு பத்தில் ஒரு பங்கு கிராம்தான் என்பதால், நூறில் ஒரு பங்கு கிராமைக் காட்டும் தராசு வேண்டும். தேய்த்துத் துலக்கிவிட்டு நிறுக்க வேண்டாம். சேகரிப்போர் தரும் விலை அதிலேயே போய்விடும்.

முகமதிப்பு மூன்றுக்கும் ஒன்றுதான். உருக்கினால் கிடைக்கும் வெள்ளியோ முதலாவதில் 10.69 கிராம், இரண்டாவதில் 5.83 கிராம், மூன்றாவதில் ஒன்றுமில்லை. ஆகவே 'டிபேஸ்மெண்ட்' என்பதற்கு முன்மடலில் ஒருவர் பரிந்துரைத்த 'மதிப்பிறக்கம்' இங்கே பொருந்தாது. அது அந்நியச் செலாவணிக்கு எதிரே பணத்தின் விலையைக் குறைப்பதற்கு ஏற்கெனவே வழங்கும் சொல். 'கலப்படம்' என்பதில் குற்றத்தின் சாயல் உண்டு; அரசே அறிவித்துச் செய்ததை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை (சிலருக்கு வரலாம்).

என் பரிந்துரை 'மாற்றுக்குறைப்பு'. உரைகல்லில் உரைத்துக் காணும் தூய்மையின் அளவே மாற்று; பத்தரை மாற்றுத் தங்கம் என்றும் மாற்றுக் குறையாத பொன் என்றும் இன்றும் சொல்கிறோம். பொன்னுக்கு வழங்கும் சொல்லை வெள்ளிக்கு நீட்டுவதில் இடரில்லை. வலுவான மறுப்பு வேறொன்று: 'நாணய மாற்று' என்றால் இன்றைய வாசகர் செலாவணியைத்தான் நினைப்பார். எனவே 'நாணய மாற்றுக்குறைப்பு' என்று சேர்த்து எழுதாமல், '1940-இல் ரூபாயின் வெள்ளி மாற்றுக்குறைப்புக்கு உள்ளானது' என்பதுபோல் உலோகத்தின் பெயரை முன்வைத்து எழுதலாம். 1942 நாணயத்தை விவரிக்க 'மாற்றுக் குறைந்த வெள்ளி' என்பதே போதும்.

வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் ஒற்று மிகும் என்பதால் நடுவில் 'க்' கட்டாயம். அதை விட்டுவிட்டு 'மாற்று குறைப்பு' என்று பிரித்து எழுதினால், ஏதோ வேறொரு வகைக் குறைப்பு என்று படிக்க இடமுண்டு.