வாரத்துக்கு எத்தனை ஷிப்ட் கிடைக்கிறது? திருப்பூரில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

போன வாரம் ஊரில் ஒரு கல்யாணம், எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாமா, "திருப்பூர்ல சம்பளம் எவ்வளவு மாப்ள வரும்?" என்று கேட்டார். பையனை அனுப்பும் யோசனையில் இருக்கிறார். பதினைந்து வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனியில் சிங்கர் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவன் நான், ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு ஷிப்டுக்கு என்ன ரேட் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சம்பளம் வேறு கணக்கு.

வெளியூர்க்காரர்களுக்காக: காலை எட்டரைக்கு உட்கார்ந்து மாலை ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிப்ட், இரவு எட்டரை வரை இழுத்தால் ஒன்றரை, சரக்கு அவசரம் என்றால் நடுராத்திரி தாண்டியும் ஓடும். குறித்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் வேலை பார்த்த ஏழு கம்பெனியிலும் அரை ஷிப்டுக்கு அரை ஷிப்ட் கூலிதான் கொடுத்தார்கள், நாங்களும் அதையே ஏதோ சலுகை போல வாங்கிக்கொண்டோம்.

நான் வந்தது 2010-ல். புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் இறங்கி பி.என். ரோட்டில் நடந்தால் கேட்டுக்குக் கேட் போர்டு: டெய்லர், செக்கிங், கைமடி, பேக்கிங் ஆட்கள் தேவை. இவ்வளவு வேலையா என்று ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு மத்தியானமே கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்துவிட்டேன், ஷிப்டுக்கு 110 ரூபாய். மிஷின் பழகியது சாப்பாட்டு நேரத்தில்தான், டெய்லர் அண்ணன் சாப்பிடப் போனதும் வேஸ்ட் துணியை வைத்து ஓட்டிப் பார்ப்பேன். ஆறு மாதத்தில் சிங்கர் டெய்லர் ஆகி 190 ரூபாய். வாரம் ஒன்பது ஷிப்ட் ஓடியது, கையில் 1,710 வந்தது. வீட்டுக்கு ஆயிரம் அனுப்பினேன், ராஜாவாக இருந்தேன்.

2011 ஜனவரி கடைசியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லிவிட்டது. நொய்யலில் ஓடிய தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள், ஒரத்துப்பாளையம் அணைப்பக்கத்து விவசாயிகள் பட்டது அவ்வளவு. ஆனால் நான் சாயப்பட்டறை வாசலைக்கூட மிதித்ததில்லை, எனக்கு என்ன ஆகப் போகிறது என்றுதான் நினைத்தேன். பத்து நாளில் துணி வருவது நின்றது. சாயம் போட்ட துணி இல்லை என்றால் கட்டிங் இல்லை, கட்டிங் இல்லை என்றால் நான் எதைத் தைப்பது? வாரம் மூன்று ஷிப்ட், ஒரு வாரம் இரண்டே இரண்டு. மூன்று ஷிப்டுக்கு 570 ரூபாய், மெஸ் அக்காவுக்கே ஐந்நூறு போய்விடும். அந்தப் பிப்ரவரியில்தான் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தார்கள். திருப்பூரும் சுற்றுப்பகுதியும் சேர்த்து ஒன்பதரை லட்சம் பேருக்கு மேல் என்று பிறகு கணக்கு வந்ததே, அதில் நான் இருப்பது பகலில் ரூமில் சும்மா படுத்திருந்த புண்ணியத்தில். கேட்டில் அந்த "ஆட்கள் தேவை" போர்டு அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, ரேட்டும் அதே 190தான்.

இதை எல்லாம் பந்தியில் எப்படிச் சொல்வது? உங்களுக்கு எப்படி என்று எழுதுங்கள், மாமாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

* * *

ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் டீயும் பன்னும் தருவார்களே அண்ணா, அதையும் சம்பளத்தில் சேர்த்துச் சொல்லுங்கள்.

* * *

அண்ணா, நான் செக்கிங். புதுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு, வீட்டுக்காரர் கட்டிங். மங்கலம் ரோட்டில் லைன் வீடு, எட்டு வீட்டுக்கு இரண்டு பாத்ரூம். கரண்ட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எங்களுக்கு இல்லை, வீட்டு ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வாங்கிவிடுவார். கேட்டால், "இஷ்டம்னா இருங்க, இல்லீனா காலி பண்ணிக்கங்க."

நான் எழுத வந்தது குழு லோனைப் பற்றி. பத்துப் பேர் சேர்ந்து வாங்குவோம், வாரா வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் தவணை. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் போட்டுக் கட்டவேண்டும். வசூலுக்கு வருகிற தம்பி கத்தவெல்லாம் மாட்டார், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல்படியில் உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான். முழுப் பணமும் சேரும்வரை ஒருவரும் எழுந்து போகக் கூடாது. போன செப்டம்பரில் எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை இருந்தது, அந்தச் செவ்வாய் அவர் கையில் 300 குறைந்தது. யார் போடுவது என்று பேசிப் பேசி மணி எட்டேகால். எட்டு நாற்பதுக்கு மேல் கேட்டில் விட மாட்டார்கள், மத்தியானம்தான் போக முடியும், அரை ஷிப்ட் போய்விடும். பத்துப் பேரில் ஆறு பேர் அன்றைக்கு அரை ஷிப்டை இழந்தோம். 300 ரூபாய்க்காக ஆறு பேர் ஆளுக்கு 190 ரூபாய் விட்டோம் என்று அந்தத் தம்பியிடமே கணக்குச் சொன்னேன். "என் கையில என்னக்கா இருக்கு, நான் போய் கட்டலைன்னா என் சம்பளத்துல புடிப்பாங்க" என்றார். அவரும் நம்மைப் போலத்தான் போல.

உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாதம் 15-ஆம் தேதி அக்கவுண்டுக்கு வந்துவிடும், அதில் பொய் சொல்ல மாட்டேன். அந்த வாரத்துத் தவணைக்கு மட்டும் யாரிடமும் நான் கை நீட்டுவதில்லை.

* * *

எல்லோரும் கம்பெனி என்றால் பெரிய கம்பெனி என்று நினைத்து எழுதுகிறீர்கள். நான் 15 வேலம்பாளையத்தில் (ஊர்ப் பெயரே அப்படித்தான்) பவர் டேபிள் வைத்திருக்கிறேன், பன்னிரண்டு மிஷின். பனியன் கம்பெனியில் வெட்டிய பீஸ் கொடுப்பார்கள், தைத்துக் கொடுத்தால் டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. என்னை ஓனர் என்கிறார்கள், ஆனால் ஆள் வராத அன்று நானே ஓவர்லாக் மிஷினில் உட்காருவேன், என் வீட்டம்மா பிசிறு வெட்டுவார்.

என் கஷ்டம் என்னவென்றால், பில்லுக்குப் பணம் 60 நாளில் வரும், 90 நாளிலும் வரும், தொழிலாளிக்கு மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தே ஆகவேண்டும். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைக் காட்டிப் பேசினால் அடுத்த லாட் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். என் வீட்டம்மா வளையல் எங்கள் வீட்டில் இருந்த நாளைவிட அடகுக்கடையில் இருந்த நாள்தான் அதிகம்.

2016 நவம்பரில் நோட்டுச் செல்லாது என்று சொன்ன அந்த வாரம் சனிக்கிழமை எனக்குக் கிடைத்ததே பழைய 500 ரூபாய்த் தாள்கள்தான். அதையே கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கியவர்கள் திங்கட்கிழமை பேங்க் வரிசையில் நின்றார்கள், என் டேபிள் காலி. அப்புறம் 2022 மே மாதம் நூல் விலை தாறுமாறாக ஏறி, இரண்டு நாள் ஊரே கதவை மூடிப் போராடியது. நூல் விலை ஏறினால் கம்பெனிக்காரர் எங்கே குறைப்பார்? நூலில் குறைக்க முடியாது, சாயத்தில் முடியாது, டஜன் ரேட்டில்தான் பேரம்.

டெய்லர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தீபாவளிக்கு முன்பு பத்தாயிரம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் இரண்டு பேர் இன்னும் வரவில்லை. ஒருவரை நானே காதர்பேட்டையில் பார்த்தேன், வேறு டேபிளுக்குப் போய்விட்டார், அங்கே பீஸுக்குப் பத்துப் பைசா கூட. பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

* * *

பவர் டேபிள் தம்பிக்கு: நீங்கள் சொல்வது நியாயம். எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, ஒரு குடோனில் வாட்ச்மேன். 1984 ஸ்டிரைக்கில் இருந்தவன் நான். பஞ்சப்படி, அதாவது விலைவாசிக்கு ஏற்ற அகவிலைப்படி கேட்டு 127 நாள். அப்போது எனக்கு மீசை முளைக்கிற வயது, நாற்பதாவது நாளே ஊருக்குப் போய்க் கடலைக்காய் பறிக்கக் கூலிக்குப் போனேன், ஆயிரம் பேர் போனோம். எனக்குத் தெரிந்து ஒரே கூரைக்குள் நிட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை நடந்த கம்பெனிகள் துண்டு துண்டாக உடைந்து, கட்டிங் ஒரு இடம், தைப்பது ஒரு இடம், கான்ட்ராக்ட் என்று ஆனதெல்லாம் அதற்குப் பிறகு வேகம் எடுத்ததுதான். பஞ்சப்படியை யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாதபடி ஆகிவிட்டது, எதிரில் நிற்பது உங்களைப் போல இன்னொரு டெய்லர் அல்லவா.

இளையவர்களுக்காக ஒன்று. நான் 31 வருடம் பனியன் வேலை செய்தேன், பி.எஃப். பிடித்தது மொத்தம் ஆறு வருடம். பிடித்தால் கையில் வருவது குறையும் என்று நானே ஒரு கம்பெனியில் வேண்டாம் என்று சொன்னேன், அவர்களுக்கும் சந்தோஷம். பென்ஷன் வேண்டும் என்றால் பத்து வருடம் பிடித்திருக்க வேண்டும் என்று ஆபீஸில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. இருந்ததைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குறைந்தபட்சப் பென்ஷனே மாதம் 1,000 ரூபாய்தான், பெரிய தொகை இல்லை, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த நான்கு வருடம் ஞாபகம் வரும். ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் பழைய நம்பரையே கொடுங்கள் கண்ணுகளா, புதிது போடவிடாதீர்கள்.

* * *

பெரியவர் சொன்னது உண்மை, எனக்கு இரண்டு நம்பர் இருக்கிறது, ஒன்றில் அப்பா பெயர் தப்பு. ஒரு வருடமாக அலைகிறேன்.

* * *

நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர். முதல் பதிவு போட்ட அண்ணன் கேட்டதற்கு என் கண் முன்னால் நடந்ததையே சொல்கிறேன். எங்கள் தளத்தில் ஆறு லைன். நான்கில் ஐரோப்பா சரக்கு, இரண்டில் அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்காவில் வரி 50 சதவீதம் ஆனது. அடுத்த வாரமே அந்த இரண்டு லைனுக்கு வரவேண்டிய ஆர்டரை நிறுத்தி வையுங்கள் என்று மெயில், அட்டைப்பெட்டி கட்டி ஸ்டிக்கர் ஒட்டிய சரக்குக்குத் தள்ளுபடி கேட்டு இன்னொரு மெயில். ஐரோப்பா லைன்கள் வாரம் ஒன்பது ஷிப்ட் ஓடின, அமெரிக்கா லைனுக்கு நான்கு. ஒரே கேட், ஒரே ரேட், ஒரே டீக்கடை. யார் எந்த லைன் என்பதைப் பல மாதம் முன்பு நான்தான் பிரித்தேன், அதுவும் வருகைப் பதிவேட்டில் இருந்த வரிசைப்படி. சனிக்கிழமை கவர் வாங்கும்போது இரண்டு லைன் ஆட்களும் அடுத்தடுத்து நிற்பார்கள், எனக்கு முகத்தைப் பார்க்க முடியாது.

அதில் ஒரு ஒடிசாப் பையன், பாலசோர் பக்கம். 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் ஹாஸ்டலில் கிடந்து அப்புறம் ரயில் கிடைத்துப் போனவன், திரும்பி வந்தான். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, ஸ்டேஷனில் கூட்டம் கூடியபோதும் அவன் போகவில்லை, "அம்மாகிட்ட வீடியோ கால்ல மிஷினைக் காமிச்சேன் சார், நம்பிட்டாங்க" என்று தமிழில்தான் சொன்னான். அப்படிப்பட்டவன் போன அக்டோபரில் மூட்டை கட்டினான். ஷிப்ட் குறைந்தால் சம்பளம் குறைகிறது, மெஸ்ஸுக்குப் பிடிப்பது மட்டும் குறையவில்லை, பிறகு எதற்கு இங்கே இருப்பது என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் டிக்கெட்டுக்கு 500 கொடுத்தேன். திருப்பித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். தீபாவளி முடிந்து ஒரு மாதத்தில் ஜிபேயில் போட்டுவிட்டான், வேறு ஊரில் வேலையாம்.

* * *

எழுதிய எல்லோருக்கும் நன்றி. செக்கிங் அக்கா, உங்கள் 190 கணக்கைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் இருக்கிற இரண்டு குழு நோட்டையும் எடுத்துப் பார்த்தேன், பேசாமல் திரும்ப வைத்துவிட்டேன்.

மாமாவிடம் நேற்று போனில் பேசினேன். "வேலை உடனே கெடைக்கும் மாமா, அதுல சந்தேகமே வேணாம். ஆனா முதல் ரெண்டு மாசத்துக்கு அவன் அனுப்புற காசை நம்பி வீட்ல எதையும் ஆரம்பிச்சுராதீங்க. மெஸ்ஸுக்கும் ரூம் அட்வான்ஸுக்கும் அஞ்சாயிரம் கையில குடுத்து விடுங்க. ஆதார் அட்டையில பேர், அப்பா பேர் சரியா இருக்கான்னு பார்த்துட்டு அனுப்புங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி மாப்ள, சம்பளம் எவ்வளவுன்னு இன்னும் நீ சொல்லவே இல்லையே" என்றார்.

இந்த வாரம் எனக்கு ஏழு ஷிப்ட். மணி எட்டு பத்து ஆகிவிட்டது, மிஷினில் உட்கார வேண்டும், ராத்திரி வந்து பார்க்கிறேன்.