பாட்டி நோட்டுல "நெய் அரை கட்டி"ன்னு இருக்கு, எவ்வளவு? சூஜி பிஸ்கட் கல்லாயிடுச்சு

செந்தூல்பொண்ணு:
வணக்கம் எல்லாருக்கும். தீபாவளிக்கு இந்த தடவை நானே சூஜி பிஸ்கட் செய்யலாம்னு பினாங்கு பட்டர்வொர்த் வீட்டுல இருந்து பாட்டியோட பழைய நோட்டை கொண்டு வந்தேன், அதுல மாவு 1 கட்டி, நெய் அரை கட்டி, ஐசிங் சீனி 6 தாஹில், சோடா மாவு அரை டீஸ்பூன், அவ்வளவுதான், வேற ஒன்னும் எழுதல. வீட்டுல நெய் இல்ல, பட்டர்தான் இருந்துச்சு, அதான் 250 கிராம் பட்டர் கட்டியில பாதி வெட்டிப் போட்டு, மாவு ஒரு பாக்கெட்டா இருக்கும்னு 1 கிலோ கொட்டி, தாஹில் புரியாம சீனி 6 கரண்டி. பிசைஞ்சா மணலா உதிருது, சரின்னு பால் ஊத்தி உருட்டிட்டேன். வந்தது பிஸ்கட் இல்ல, கோலி குண்டு. வீட்டுக்காரர் ஒன்னை எடுத்து மேசையில டொக்குனு தட்டிப் பார்த்துட்டு பேசாம திரும்ப தட்டுலயே வச்சிட்டாரு. சோடா மாவுக்கு பதிலா பேக்கிங் பவுடர் போடலாமா? சூஜின்னா ரவைதானே, நோட்டுல ரவையே காணோமே? பாட்டிகிட்ட கேக்கலாம்னா அவங்க இல்ல இப்ப.

பிறை அக்கா:
ஐயோ தங்கச்சி, அது பட்டர் கட்டி இல்லம்மா, அந்தக் காலத்து எடை! 1 கட்டின்னா சுமார் 600 கிராம், 16 தாஹில் சேர்ந்தா ஒரு கட்டி, அப்போ பாட்டி கணக்கு மாவு 600, நெய் 300, சீனி 225. நீ போட்ட மாவுக்கு அந்த பட்டர் எந்த மூலைக்கு? அதுக்கு மேல பால் வேற. மாவுல ஈரம் பட்டு பிசைஞ்சா சப்பாத்தி மாவு மாதிரி இழுவை வந்துடும், சூஜி பிஸ்கட்டுக்கு அதான் எமன். பட்டரை அப்படியே நெய்க்கு பதிலா போட்டாலும் இதே கதைதான், 100 கிராம்ல 80 தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணி. நெய் இல்லன்னா உப்பில்லாத பட்டர் 400 கிராம் எடுத்து சின்ன தீயில காய்ச்சு, சடசடன்னு சத்தம் அடங்கி அடியில பொன்னிறமா கசடு நின்னதும் வடிகட்டு, 300 தாராளமா தேறும். சூடா கொட்டிடாத லா, ஆறி வெண்ணெய் மாதிரி திரண்ட பிறகுதான் சீனியோட அடிக்கணும். கையில அழுத்தினா உருண்டை நிக்கணும், உதிர்ந்தா இன்னொரு ஸ்பூன் நெய், பால் பக்கமே போகாத.

ஓவன் அண்ணே:
அக்கா சொன்னது சரி. பேக்கிங் பவுடர்னா அரை டீஸ்பூனுக்கு ஒன்றரை போடு, ஆனா மேல அந்த வெடிப்பு சோடாவுல வர்ற மாதிரி வராது, சோடா மாவே போய் வாங்கிடுமா. ஐசிங் சீனி இல்லன்னா சாதா சீனிய மிக்சியில பவுடராக்கி சலிச்சுக்கோ. ரவை சிலர் கொஞ்சம் போடுவாங்க, பேருதான் சூஜி, நிறைய வீட்டுல வெறும் வெள்ளை கோதுமை மாவுதான், அதான் மைதா. ரெசிப்பி தேடினா மலாய்ல "பிஸ்குட் சூஜி மின்யாக் சாப்பி"ன்னு தேடு, மின்யாக் சாப்பின்னா நெய், நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரங்களும் செய்வாங்க, எல்லாம் கிராம்லயும் நம்ம கடையில கிடைக்கிற சாமான்லயும் இருக்கும். அமெரிக்கா ரெசிப்பி பார்த்தா ஜாக்கிரதை, 350 டிகிரின்னா ஃபாரன்ஹீட், நம்ம ஓவன்ல 175, ஒரு ஸ்டிக் பட்டர் 113 கிராம். நான் பாதி மார்ஜரின் கலப்பேன், செலவு மிச்சம்.

பிறை அக்கா:
மார்ஜரின் போட்டா அது சூஜி பிஸ்கட்டா அண்ணே? வாசம் எங்க போச்சு? தங்கச்சி, 160ல 15, 20 நிமிஷம், செவக்க விடாத, வெந்ததும் தொட்டா மெத்துனுதான் இருக்கும், பயந்து இன்னும் வேக வைக்காத. நல்லா ஆறின பிறகுதான் பாலாங்ல, அதான் சிவப்பு மூடி போட்ட பலகார டப்பாவுல போடணும், இந்த ஊர் ஈரக்காத்துக்கு நமுத்துப் போயிடும்.

செந்தூல்பொண்ணு:
அக்கா, நேத்து ராத்திரி பாதி அளவுல போட்டுப் பார்த்தேன், மேல வெடிச்சு வந்துச்சு, வாயில போட்டதும் கரையுது! பாலாங்ல போட 30 எண்ணி வச்சேன், காலையில 19 தான் இருக்கு, கேட்டா யாருமே எடுக்கலையாம். சரி, அடுத்த பக்கத்துல அச்சு முறுக்குக்கு "மாவு 1 சுப்பாக்"னு எழுதியிருக்காங்க, அது என்னக்கா?