ராக்கெட் பேட் ஏற்றும் டிரெய்லர் வால் ஆட்டுகிறது, வழி சொல்லுங்கள்

எங்கள் ராக்கெட் கிளப்பின் ஏவு சாமான்களை (ராக்கெட்டை நிறுத்தி ஏவும் பேடுகள், அது நேராகக் கிளம்ப வழிகாட்டும் நீள ரெயில்கள்) லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் லூசர்ன் வறண்ட ஏரிக்கு டிரெய்லரில் கொண்டுபோகிறோம். திரும்பும்போது கஹோன் கணவாய் இறக்கத்தில், 50 மைல் வேகத்தைத் தாண்டினாலே டிரெய்லர் வால் ஆட்டுகிறது. கண்ணாடியில் ரெயில்களின் நுனி இடமும் வலமும் மாறி மாறி எட்டிப் பார்க்கிறது. டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் லேசாக அழுத்தினால் அடங்குகிறது. கிளப் பிள்ளைகளின் வேன் பின்னாலேயே வருவதால் வயிற்றைக் கலக்குகிறது.

வண்டி 2015 டொயோட்டா டகோமா பிக்கப். டிரெய்லர் 5க்கு 10 அடி, ஒற்றை அச்சு, எலக்ட்ரிக் பிரேக். சுமை கிட்டத்தட்ட 700 கிலோ: இரும்பு பேடுகள், ஜெனரேட்டர், 12 வோல்ட் பேட்டரிகள், அப்புறம் 12 அடி நீள 1515 (ஒன்றரை அங்குலச் சதுர) அலுமினிய ரெயில்கள். ரெயில்கள் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். போன இலையுதிர் காலத்தில் பெரிய பேட் ஒன்று சேர்ந்த பிறகுதான் இந்தத் தொல்லை.

டயர் காற்று, வீல் பேரிங், ஹிட்ச் பந்து (டிரெய்லர் வண்டியோடு இணையும் இடம்) எல்லாம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கின்றன. ஜெனரேட்டரை முன்னால் நகர்த்தினோம். இப்போது ஹிட்ச் மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 10 சதவீதம். ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. பெரிய பேடை அச்சுக்கு முன்னால் வைக்க இடமில்லை, அதன் கால்கள் மடங்காது.

இதற்கு உராய்வு வகை ஸ்வே பார் (ஆட்டத்தை அடக்கும் கம்பி) போட்டால் போதுமா, அச்சையே பின்னால் தள்ளிப் பொருத்த வேண்டுமா?